அண்ணன் நம்பருக்கு ரீசார்ஜ்

சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே அம்மா சந்தையை முடித்துவிடுவாள். ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வருவாள். எண்ணெயைக் கொஞ்சம் கூட்டினால் பருப்பு குறையும். பருப்பை விடாமல் பிடித்தால் சோப்பு போய்விடும். பஸ் நிற்கும்போது எது எங்கள் வீட்டுக்கு வரும், எது வராது என்பது தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு நான் அழுதாலும் புரண்டாலும் அந்தத் தீர்ப்பு மாறாது.

பின்னாளில் பிளஸ் ஒன் வகுப்பில் பொருளியல் டீச்சர், கையிலிருக்கும் காசுக்கு எது அதிகத் திருப்தி தருமோ அதைத்தான் மனிதர்கள் வாங்குவார்கள் என்று பாடம் நடத்தினார். எனக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. அம்மா வாங்கிய ஒரே ஒரு பொருள் மட்டும் அந்தப் பாடத்துக்குள் உட்கார மறுத்தது.

அண்ணன் போர் வண்டி வேலைக்குப் போனபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி அது. எங்கள் மலையிலிருந்து பையன்கள் அதில் ஏறி வடக்கே எங்கெங்கோ போவார்கள், பொங்கலுக்குத் திரும்பி வருவார்கள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் போனுக்குப் பேசுவான். பின்னால் வண்டி இரைந்துகொண்டே இருக்கும். "சாப்ட்டியா பாப்பா?" என்பதற்கு மேல் அவன் கேட்டதெல்லாம் இரைச்சலில் போய்விடும். பிறகு பேச்சு நின்றது. ஆள் பிடித்துப் போன ஏஜெண்டிடம் அப்பா போய்க் கேட்டார். "வழியில எங்கியோ எறங்கிப் போய்ட்டான், எங்களுக்கு ஒண்ணும் தெர்ல" என்று அவன் சொல்லிவிட்டான். அப்பா போலீசில் மனு கொடுத்தார். விசாரிக்கிறோம் என்றார்கள். பொங்கலுக்கு மற்ற பையன்கள் வந்தார்கள்.

அதன் பிறகுதான் சந்தை முடிந்ததும் அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்த ரீசார்ஜ் கடையில் ஏற ஆரம்பித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் அண்ணனின் நம்பரை ஒரு எண்கூடப் பிசகாமல் ஒப்பிப்பாள். கடையில் இருந்த பையன் நல்லவன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டான்.

"அக்கா, இந்த நம்பர்ல யாரும் பேசறதே இல்லியே. எதுக்குக்கா சும்மா சும்மா போட்னு இருக்கீங்க?"

"போடலன்னா இன்னாவும் தம்பி?"

"நம்பரு செத்துரும்க்கா. ரொம்ப நாளு கம்முனு வுட்டா வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்க."

"அப்ப போடு" என்றாள் அம்மா.

அந்த ரீசார்ஜுக்கு இடம் கொடுப்பதற்காக வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே போயின. முதலில் தலைக்கு எண்ணெய். அப்புறம் வாசனை சோப்பு. துணி சோப்பை அம்மா நூலால் இரண்டாக அறுத்து, குளிக்கப் பாதி, துவைக்கப் பாதி என்றாள். கடைசியில் கருவாடும் போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாமைச் சோற்றுக்கு வெறும் புளிக்குழம்பு என்றால் எத்தனை நாள்? அண்ணன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரில் இல்லாதவன் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

அப்பாவும் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டார்.

"பேசாத போனுக்குச் சோறு போட்னு, இருக்கறவங்கள பட்டினி போடறியா? இப்ப பாரு" என்று தன் போனை எடுத்து அண்ணன் நம்பரை அழுத்தி, நடுவீட்டில் சத்தமாக வைத்தார். நீங்கள் அழைத்தவர் ஸ்விட்ச் ஆஃப் செய்திருக்கிறார் என்று அந்தப் பெண்குரல் மரியாதையாகச் சொன்னது.

"கேட்டியா?"

"கேட்டேன். அணைஞ்சி கெடக்குதுன்னுதான சொல்றா" என்றாள் அம்மா. "அப்டி ஒரு நம்பரே இல்லன்னு சொல்லலையே."

அப்பா போனை வைத்துவிட்டு வெளியே போனார். வேலியோரம் முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றிருந்தார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷ ஆடி மாதத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் எல்லோருக்கும் வருவதுபோலத்தான் வந்தது. பிறகு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, கண் செருகியது. அம்மா புளி விற்ற பணத்தை முடிந்து வைத்திருந்த துணியோடு எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தாள். ஜீப் வைத்து, மலையிறங்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அம்மா என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தேன். கண் தெளிந்த பிறகு, உண்மையைச் சொன்னால், என் சிறுவயதின் மிகச் சந்தோஷமான நாட்கள் அவைதான். இளநீர் என்றால் இளநீர் வந்தது. ஆப்பிள் என்றேன், ஆப்பிள் வந்தது. கிரீம் பிஸ்கட் வந்தது. அம்மா உதட்டை அசைத்துக் கணக்குப் போடவே இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் மட்டும் அவ்வப்போது, "இன்னிக்கி இன்னா தேதிங்க?" என்று கேட்பாள். அந்த அம்மாள் சொன்னதும் தலையாட்டிவிட்டு, எனக்கு ஆப்பிள் அறுக்க உட்கார்ந்துவிடுவாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது கையில் ஒன்றுமில்லை. ஜீப் வாடகையில் பாதி பாக்கி. சாமை அறுத்து விற்கும்வரை நாங்கள் சந்தைப் பக்கமே போகவில்லை.

மறுபடி போன அன்று அம்மா எதையும் வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ரீசார்ஜ் கடைக்குத்தான் போனாள். பையன் நம்பரைக் கேட்டு அழுத்திப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"அக்கா, இது இப்ப வேற ஆளுகிட்ட இருக்குதுக்கா."

அம்மா நம்பவில்லை. "நீயே ஒரு தபா கூப்ட்டு குடுப்பா" என்றாள். அவன் தன் போனிலேயே அழைத்துக் கொடுத்தான். மணி போனது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த நம்பரில் மணி அடித்தது. அம்மாவின் முகம் ஒரு நிமிஷம் எப்படி ஆனது என்பதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒரு பெண் எடுத்துத் தெலுங்கில் ஏதோ கேட்டாள். அவளுக்குப் பின்னால் கைக்குழந்தை அழுதது. அம்மா கொஞ்ச நேரம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொழந்தைக்குப் பாலு குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பையன் காசு வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை எப்படியாவது பேசவைக்க வேண்டும்போல் எனக்கு இருந்தது. எனக்குத் தெரிந்த நல்ல விஷயம் ஒன்றைச் சொன்னேன்.

"எம்மா, அந்த ஆஸ்பத்திரிக்கு இன்னொரு தபா போலாமா? அங்க நான் கேட்டதெல்லாம் நீ வாங்கிக் குடுத்த."

அம்மா என்னை இழுத்து, என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மூச்சு முட்டியது. வலிக்கிறது என்று சொல்லியும் விடவில்லை. நான் அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று யோசித்துக்கொண்டே, பஸ் வளைவுகளில் ஏறி முடிக்கும்வரை அந்தப் பிடிக்குள் கிடந்தேன்.