மூன்றாவது வரி மைனஸ்

ஒரு பெண்ணின் படிப்பை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். அதற்கு ஒரே ஒரு பொய் போதுமானதாக இருந்தது. கேட்பவருக்கு அக்கறை போலத் தோன்றும் பொய். இதைப் படித்துவிட்டு என்னை நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வீடு மலைமேல், மஞ்சூரில். தினமும் மாலை பஸ் பிடித்துக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போய், தொழிலாளர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அங்கே எல்லோருக்கும் நான் 'கணக்கு டீச்சர்'. உண்மையைச் சொல்லட்டுமா? நான் கல்லூரியில் படித்தது வரலாறு! பிளஸ் டூ கணக்கெல்லாம் எனக்கு வீடியோ கொடுத்த பிச்சை. எங்கோ ஓர் ஊரில் எவரோ ஒருவர் பலகை முன் நின்று இலவசமாகச் சொல்லித் தருகிறார். காலையில் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, மாலையில் என் சொந்தச் சரக்கைப் போல விற்பேன்.

தேயிலை விலை விழுந்திருந்த காலம். ஃபாக்டரி பல நாள் ஓடவில்லை. டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மிஞ்சியவர்களில் ஒருத்தி கலைவாணி. பிளஸ் டூ. அம்மா கொழுந்து பறித்து வளர்த்த பெண். இன்ஜினியர் ஆக வேண்டும் என்பாள்.

எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பது கொழுந்து எடை போடும் கொட்டகையில் மட்டும்தான். எடை முடிந்து பெண்கள் போன பிறகு, அவள் அங்கே சாக்குகள்மேல் உட்கார்ந்து போனில் ஏதோ பார்ப்பாளாம். சினிமா என்றுதான் நினைத்தேன்...

அன்று ஒரு நீளமான கணக்கு. காலையில் வீடியோ பாதியில் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. மீதியைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். பலகையில் போட்டேன்... விடை வரவில்லை. மறுபடி போட்டேன்... வரவில்லை!

"டீச்சர், மூணாவது வரில மைனஸ் விட்டுப்போச்சுங்க" என்றாள் கலைவாணி. அடுத்த நொடி கைதட்டிச் சிரித்தாள். "அந்த வீடியோ சாரும் இதே எடத்துலதானுங்க விடுவாரு! அப்பறம் அடடான்னு அழிச்சுட்டுத் திருத்துவாரு. நீங்களும் அதத்தான் பாக்கறீங்களா டீச்சர்?"

அவள் கேலி செய்யவில்லை. தன்னோடு படிக்கும் இன்னொருத்தியைக் கண்டுபிடித்த சந்தோஷம் அது. இன்று புரிகிறது... அன்று ஏன் புரியவில்லை? வகுப்பே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் அவள் அம்மாவைத் தேடிப் போனேன்.

"போன்ல வர்ற பாடம் நம்ம பரீட்சைக்கு ஆகாதுங்க. புள்ள குழம்பிப் போயிருக்கா. வாங்கி வெச்சுருங்க" என்றேன்.

"எனக்கு என்னங்க தெரியும்? டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் அந்த அம்மா. அன்றே போன் பெட்டிக்குள் போனது. கலைவாணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் என்னை நம்பினாள்!

அதன் பிறகு அவளுக்கு நான் மட்டுமே. கணக்குத் தெரியாத நான்! சந்தேகம் கேட்டால், "அதெல்லாம் பரீட்சைல வராது" என்பேன். வந்தது. கணக்கில் ஃபெயில் ஆனாள். அந்தச் சமயம் எஸ்டேட்டில் ஆள் குறைத்தார்கள்; மறுபடி எழுது என்று சொல்லும் தெம்பு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

போன பொங்கலுக்கு வந்திருந்தாள். கையில் புதுப் போன். கூடவே தங்கை.

"இவள உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேனுங்க டீச்சர். போன் மட்டும் இவ கையில குடுக்கறதில்ல. அதப் பாத்துப் பாத்துத்தானே நான் கோட்டை விட்டேன்? நீங்க அப்பவே சொன்னீங்க..."

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு! வாயைத் திறந்தேன். "டீ குடிக்கறியா?" என்றுதான் வந்தது. இந்த டியூஷனை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. இது ஒரு காரணமா? நீங்களே சொல்லுங்கள்...

தங்கை முன்வரிசையில் உட்கார்கிறாள். நேற்று அதே கணக்கைப் போட்டேன். மூன்றாவது வரியில் மைனஸ் விடவில்லை. அவள் ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எப்படிங்க டீச்சர் இதெல்லாம் உங்களுக்கு இவ்வளவு நல்லாத் தெரியுது?"

நான் திரும்பி நின்று பலகையை அழித்துக்கொண்டிருந்தேன்.