பாதை பிரியும் இடத்தில் நின்றவர்

குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறு மாலைகளில் மேல் தோட்டத்தில், தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய பிள்ளைக்காம்பராவில் கூடுகிறார்கள் என்று தெரணியகலையில் ஓர் ஆட்டோக்காரர் சொன்னார். நானும் விட நினைத்துத்தான் நடந்தேன். இறப்பர் மரங்களுக்கிடையே பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், பனிமூட்டத்துக்குள் ஒருவர் கராம்பு மென்றபடி நின்றார். வெள்ளைச் சட்டை, மழித்த முகம்.

நான் வாய் திறக்கும் முன்பே, "மீட்டிங்குக்குத்தானே தம்பி? மேல் பாதையில போங்க" என்றார்.

கூட்டத்தில் அவரைப் பற்றிக் கேட்டேன்.

"கீழ்ப் பாதையில கசிப்புச் சாராயம் காய்ச்சுறவரு" என்றார் ஒருவர். "புதுசா வர்றவங்களுக்கெல்லாம் அவருதான் வழி சொல்றாரு."

திரும்பும்போதும் அங்கேயே நின்றார்.

"நல்லா இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சுங்க."

"விடாம வாங்க. முடியலேன்னாலும் பரவாயில்ல, நான் இங்கதான் நிப்பேன்."

ஒரு வருடமாகப் போகிறேன். அவர் என்னைக் கீழே கூப்பிட்டதே இல்லை. சில ஞாயிறுகளில் மட்டும், நான் மேலே ஏறும்போது, "இன்னைக்கு ஒருத்தரு வர மாட்டாரு" என்று மெல்லச் சொல்வார். அப்படியே ஒருவர் வராமல் போவார்.

அவர் குரலில் இருப்பது வருத்தம்தானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.