கரி வரவில்லை

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் ஒரு மின்சார ஆபீஸில் புகார் நோட்டு எழுதுவது என் வேலை. மின்வெட்டுக் காலம். அணைகளில் தண்ணீர் கம்மி, அனல்மின் நிலையங்களுக்கு வடக்கேயிருந்து வரவேண்டிய நிலக்கரி வரவில்லை என்று பேப்பரில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. யார் வந்து கேட்டாலும் "கரி வரலைங்க" என்பேன். நாட்டுக்கே இல்லாததை என்னிடம் எப்படிக் கேட்பார்கள்? போய்விடுவார்கள். நான் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

ஒருநாள் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். என் அப்பா வயசிருக்கும். அரை ஏக்கர் நெல், கதிர் பால் பிடிக்கிற நேரம், இரண்டு நாளாக மோட்டார் ஓடவில்லை என்றார். வருஷம் பூரா வீட்டுச் சாப்பாடே அந்த நெல்தானாம். முன்பு கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மாடுகளை, மோட்டார் வைத்த கையோடு விற்றுவிட்டாராம்.

"தினம் மூணு மணி நேரம் உடுவாங்களே, அதுவும் வரலம்மா. இன்னான்னு கொஞ்சம் பாக்கச் சொல்லும்மா."

அந்த மூணு மணி நேரமும் வரவில்லை என்றால் அது மின்வெட்டு இல்லை, எங்கோ பழுது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"கரி வரலைங்க. வந்தா தானா வரும்."

சரிம்மா என்று போய்விட்டார். நோட்டில் ஒரு வரி எழுதவில்லை நான்.

நாலு நாள் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போன லைன்மேன் வந்து சொன்னார். வயல் நடுவே இருந்த டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருந்ததாம். அதிலிருந்து கரண்ட் எடுக்கும் மற்றவர்கள் அறுப்பு முடித்துவிட்டதால் கவனிக்கவில்லையாம்.

"கம்பி போட பத்து நிமிசம்கூட ஆவல. பாவம், பாதிக்கு மேல பதராப் போச்சு. யாரும் வந்து சொல்லலியா?"

நோட்டைப் புரட்டுவது போலப் புரட்டிவிட்டு, இல்லை என்றேன்.

மறுநாள் அவரே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்படி வந்திருந்தால் எவ்வளவோ தேவலை. மஞ்சள் பையிலிருந்து கத்தரிக்காய்களை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். வீட்டுப் பின்னால் காய்த்ததாம்.

"கரி வந்துடுச்சு போலம்மா, கரண்ட் உட்டுட்டாங்க. பயிரு போச்சு. அதுக்கு நீ இன்னா பண்ணுவ, நாட்டுக்கே இல்லாதப்ப."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட, அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஆமாங்க, நேத்துதான் வந்துது" என்றேன்.

அன்று சாயந்திரம் அம்மா அந்தக் கத்தரிக்காயைப் போட்டுக் காரக்குழம்பு வைத்தாள். ஏது என்று கேட்டாள். ஆபீஸில் ஒருத்தர் கொடுத்தார் என்று சொல்லிவிட்டு, நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.