முதல் குழாய் ரத்தம்

கூக்கால் மலைக்கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார் அந்தப் பெரியவர். தலையில் குரங்குக் குல்லாய், கையெல்லாம் பூண்டு வாசம். மூன்று முறை உட்கார்ந்து எழுந்தார். மூன்று முறையும் இடுப்பை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். உள்ளே ஒன்பது வருடமாக உலோக மூட்டு. அது தேய்ந்து குரோமியம் ரத்தத்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்க, இப்போது பார்க்கும் டாக்டர் கொடைக்கானலில் எங்கள் லேபுக்கு அனுப்பியிருந்தார்.

கையில் ஊசி குத்தி, ரத்தம் நிறைந்த முதல் குழாயை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை மாட்டினேன்.

“அத ஏன் ஒதுக்குறீங்க?”

“ஊசியும் உலோகந்தானே ஐயா. மொத ரத்தத்துல அது கலந்திருந்தா டெஸ்ட் தப்பாக் காட்டிரும்.”

“அரை நிமிசம் குத்துன ஊசிக்கு இம்புட்டு சாக்கிரதை. இத உள்ள வச்சவங்க ஒரு தடவகூட கூப்புட்டுப் பாக்கலியே தம்பி.”

பஞ்சை அழுத்திக்கொள்ளச் சொன்னேன். அவர் கை இடுப்புக்குத்தான் போனது.

இப்போதும் முதல் குழாயை ஒதுக்கும்போதெல்லாம் என் ஜாக்கிரதை மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.