தேய்த்துக் கழுவிய பல்

ஷரபுதீன் கடையில் கிளாஸின் விளிம்பை விரலால் தேய்த்தால் கிறீச்சென்று சத்தம் வரவேண்டும். வராத கிளாஸ் மறுபடி தொட்டிக்குப் போகும். தெலுக் இந்தானில் மாமன் கடையில் மங்கு, தட்டு கழுவ ஆரம்பித்தவர். இன்று ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் சொந்தச் சாப்பாட்டுக் கடை. மேசையில் ஈ உட்கார்ந்தால் தன் மேலேயே உட்கார்ந்த மாதிரி துடிப்பார்.

"அண்ணே, இப்படித் தொடைக்காதீங்கலா, மேசை தேஞ்சு போயிரும்," என்பான் லாரி ஓட்டும் தீபன், அங்கேயே சாப்பிட்டு வளர்ந்தவன்.

மகள் இஃபத்துக்குப் பதினொரு வயது. ஒரு சனிக்கிழமை கடை வாசலில் சைக்கிளோடு விழுந்தாள். மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று சாக்கடை ஓரம் கிடந்தது. அலறிய பிள்ளையை மனைவி ஜெய்னம்பு அணைத்துக்கொள்ள, ஷரபுதீன் பல்லைத் தேடி எடுத்தார். மண், ரத்தம், வேரைச் சுற்றிச் சிவப்பாக மெல்லிய தோல். குழாயடியில் சோப்புப் போட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால், வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்தார். புது டிஷ்யூவில் சுற்றி எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.

பல் டாக்டர் ஷர்மினி டிஷ்யூவைப் பிரித்துப் பார்த்தாள்.

"யாருண்ணே கழுவுனது?"

"நான்தான். ஒரு பொட்டு அழுக்கு இல்ல டாக்டர்."

"அந்தத் தோலுலதான் உசுரு இருந்துச்சு. அது இருந்தா பல்லு மறுபடி எலும்புல புடிச்சுக்கும். லேசா அலசிட்டு அந்தக் குழியிலயே வச்சிருக்கலாம்."

இருந்தாலும் பல்லைப் பொருத்திக் கம்பி கட்டினாள். அதிக நாள் தாங்காது, எலும்பு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்றாள். அப்படித்தான் ஆனது. அடுத்த வருஷம் எடுத்த எக்ஸ்ரேயில் வேர் எலி கடித்த பிஸ்கட் போல இருந்தது. பல்லை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

ஷர்மினி ஒரு வழி சொன்னாள். இஃபத்தின் கீழ்த்தாடையில் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒன்றிரண்டை எப்படியும் எடுத்தாக வேண்டும். அதில் வேர் இன்னும் முழுசாக வளராத ஒன்றை முன்னால் நட்டால், தோல் கெடாமலிருந்தால், அது அங்கேயே பிடித்து வளரும்.

"இருந்தா? இல்லாட்டி?" என்றார் ஷரபுதீன்.

"நல்ல பல்லு ஒண்ணு வீணாயிரும்."

அவர் தன் கையைப் பார்த்தார். முதல் பல்லைத் தொலைத்த கை. இஃபத்தான் பேசினாள். "போடுங்க டாக்டர். ஸ்கூல்ல வாய மூடிக்கிட்டே சிரிக்கிறேன், பசங்க 'நெனெக்'னு, பாட்டின்னு கூப்பிடுறாங்க."

"பல்லையும் பதியம் போடுறாங்களாண்ணே?" என்று தீபன் கேட்டபோது ஷரபுதீன் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

நட்ட பல்லை மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபின் ஈறைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்தது. ஷரபுதீன் பஞ்சைச் சுடுநீரில் நனைத்தார்.

"அத்தா, டாக்டர் தொடக் கூடாதுன்னாங்க."

"அழுக்கா இருக்கும்மா."

"அழுக்கு இல்லையாம். புண்ணு ஆறும்போது அப்படித்தான் இருக்குமாம். அம்மா, அத்தாவைப் பாருங்களேன்!"

ஜெய்னம்பு பஞ்சைப் பிடுங்கி வீசினாள். "நீங்க கடைக்குப் போங்க. ஒங்க கையைக் கண்டாலே எனக்குப் பயமாயிருக்கு." அவர் போனார். புண் ஆறும்வரை மகளின் வாய்ப் பக்கம் திரும்பவில்லை.

சில மாதங்கள் கழித்து ஷர்மினி அந்தப் பல்லைக் கருவியால் மெல்ல அழுத்தினாள். இம்மியளவு அசைந்தது.

"ஆடுதே டாக்டர்!"

"ஆடணும்ணே. உசுரோட இருக்கற பல்லு கொஞ்சம் அசையும். எலும்போட இறுகிப் போச்சுன்னாதான் கவலைப்படணும்." திரையில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தாள். வேரின் நுனி நீண்டிருந்தது. ஷரபுதீன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இஃபத்துக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. "சோளம் கடிக்கலாமா டாக்டர்?"

"கடி. ஆனா மெதுவா."

திரும்பும் வழியில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவித்த சோளம் வாங்கினார்கள். அவள் முன்பல்லாலேயே கடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஷரபுதீனின் தாடை கூடவே இறுகியது. சோளம்தான் விட்டுக்கொடுத்தது.