ஈஜோக்கில் கரண்ட் போன மத்தியானமும் எங்கள் வீட்டு இரண்டு இன்வெர்ட்டர்களும்

இன்றைக்கு மத்தியானம் எங்கள் தெருவில் பெரிய மரக்கிளை ஒன்று முறிந்து கரண்ட் கம்பியில் விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

(திட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.)

அம்மாவுக்கு நுரையீரல் பலவீனம். ஆக்ஸிஜன் மிஷின் இரவும் பகலும் ஓட வேண்டும்.

மலேசியாவில் ஈஜோக் என்ற சிற்றூரில் எங்கள் வீடு; சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான். காற்று பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும். உடனே அப்பா சிலிண்டரை மாட்டுவார், நான் காரை எடுப்பேன், அம்மா கைப்பையோடு பின் சீட்டில் ஏறிக்கொள்வார். நேராக ஆஸ்பத்திரி.

கடைசியாகப் போனபோது பாதி வழியில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அம்மாவின் உதடு நீலம் பூத்திருந்தது.

நான் ரவாங் டவுனில் எலக்ட்ரிகல் இன்ஜினியர். ஊரில் உள்ள ஃபேக்டரிகளுக்கெல்லாம் பேக்கப் டிசைன் செய்கிறவள். அன்றைக்கு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

முழு வீட்டுக்கும் பேட்டரி போடுவது என்று முடிவு செய்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மா ரூமுக்கு மட்டும் ஒண்ணு போடு, போதும்லா."

"அம்மா அந்த ரூம்லயே அடைஞ்சு கிடக்கணுமாப்பா?"

அப்பா போய் பேட்டரி வைக்க ஸ்டோர் ரூமைக் காலி செய்தார்.

முதலில் ஒரே ஒரு இன்வெர்ட்டரை வைத்து டெஸ்ட் செய்தோம். லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடின. தண்ணீர் பம்ப் ஸ்டார்ட் ஆனதும் வீடே இருண்டது. பம்ப் கிளம்பும் அந்த ஒரு நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஒற்றை இன்வெர்ட்டரால் தாங்க முடியவில்லை.

ஆகவே இரண்டு இன்வெர்ட்டர்களை இணையாகப் போட்டேன். நடுவில் ஒரு கேபிள் ஓடும். அதன் வழியாக இரண்டும் பேசிக்கொண்டு, ஒரே தாளத்தில் ஓடி, சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். (எங்கள் அண்ணன் தம்பிகள் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.)

வயர்மேன் குணா ஒரு பேட்டரி கேபிளை நீளமாகவும் இன்னொன்றைக் குட்டையாகவும் வெட்டிவிட்டார்.

"அளவு ஒண்ணா இருக்கணும் குணா. இல்லன்னா குட்டைக் கேபிள்ல இருக்கற இன்வெர்ட்டர்தான் ரொம்ப உழைக்கும்."

"கிட்டத்தானே இருக்கு சிஸ்டர், எதுக்கு வீணா சுத்தி விடணும்?"

"சுத்தி விடுங்க லா."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த சண்டை டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சுக்காக. அது வீட்டை ஒன்று தெருக் கம்பியோடு சேர்க்கும், இல்லையென்றால் பேட்டரியோடு சேர்க்கும். இரண்டோடும் ஒரே நேரத்தில் சேர விடாது.

"மெயின் ஸ்விட்ச நானே ஆஃப் பண்ணிட்டுப் போறேன். இது எதுக்கு?" என்றார் அப்பா.

"ஒரு நாள் மறந்துட்டா, நம்ம கரண்ட் தெருவுக்குப் போயிரும்பா. அங்க கம்பி ரிப்பேர் பண்றவருக்கும் வீட்ல பொண்டாட்டி புள்ள இருக்கும்."

அப்பா ஸ்விட்சை மாட்ட டார்ச் பிடித்தார்.

இன்றைக்கு மத்தியானம் நான் சமையலறையில் இருந்தேன். வெளியே டமார் என்று ஒரு சத்தம். லைட் ஒரு முறை சிமிட்டியது. அவ்வளவுதான்.

ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"வாணி, வண்டிய எடுமா."

"எங்கேம்மா போறோம்? மிஷின் ஓடுதே, கேட்டுப் பாருங்க."

அம்மா நின்று கேட்டார். மிஷின் எப்போதும் போல உறுமிக்கொண்டிருந்தது. மேலே ஃபேன் சுற்றியது. பின்னால் தண்ணீர் பம்பும் கிளம்பியது. எதுவும் நிற்கவில்லை.

அம்மா சோபாவில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

"அப்போ டிவியப் போடு. சீரியல் ஆரம்பிச்சிருக்கும்."

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். (வெங்காயம் என்று அப்பாவிடம் சொன்னேன். அடுப்பில் இருந்தது ரசம்.)

கொஞ்ச நேரத்தில் கம்பி ரிப்பேர் செய்ய ஆட்கள் லோரியில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு லைட்டைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வாசல் கேட்டுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அக்கா, தெரு முழுக்க கரண்ட் இல்ல, உங்க வீட்ல மட்டும் இருக்கு. எப்படி மாட்டியிருக்கீங்க? காட்டுங்க. கம்பில கை வைக்கப் போறது நாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"வாங்க தம்பி, வந்து பாருங்க. டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் போட்டிருக்கோம். ஒண்ணு இது, இல்ல அது. ரெண்டும் சேரவே சேராது. இதுல மட்டும் வெளையாடக் கூடாது, இல்லீங்களா?"

(இவர்தான் வேண்டாம் என்றவர்.)

வந்தவர் ஸ்விட்சைத் திறந்து பார்த்தார், தம் மீட்டரால் வெளியே கம்பியையும் சோதித்தார். அதன் பிறகுதான் சிரித்தார்.

"இப்படி இருந்தா எங்களுக்கும் நிம்மதிக்கா," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

வேலை முடிந்து லோரி கிளம்பியது. அப்பாவைக் காணோம். தேடிப் போனால், கேட்டில் நின்று எதிர்வீட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டு ஆன்ட்டி வெளியே வந்துவிட்டார். "யாரத் தேடுறீங்கண்ணே?"

"ஒண்ணுமில்லமா. கரண்ட் வந்துருச்சான்னு தெரியல. உங்க வீட்டு ஃபேன் சுத்துதான்னு பாக்குறேன்."