இரண்டாவது ரத்தப் பரிசோதனை

தக்காளிக் கூடையை இறக்கி வரப்பில் வைத்தபோது தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தேன். நிழலில் உட்கார்ந்ததும் வலி இடது தோளுக்கு இறங்கியது. புடவை நனையும் அளவுக்கு வேர்த்தது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"கேஸா இருக்கும், சோடா குடிச்சா போயிரும்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் பைக்கை எடுத்தார்.

காரிமங்கலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இளம்பெண் டாக்டர். ஈசிஜி பார்த்துவிட்டு, "இதுல பெருசா ஒண்ணும் தெரியல" என்றார்.

"அப்ப வூட்டுக்குப் போலாங்களா?" என்று இவர் எழுந்துவிட்டார்.

"இருங்க. ட்ரோபோனின்னு ஒரு ரத்த டெஸ்ட் பாக்கணும். இதயத் தசை அடிபட்டா அது ரத்தத்துல கூடும்."

முதல் முடிவு சந்தேகமாக வந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டுமாம். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அதற்குள் வலி நின்றிருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்கே தெரியவில்லையே! ஒவ்வொரு துடிப்பாகக் கவனித்தேன். ஒன்று தள்ளித் துடித்த மாதிரி இருந்தாலே நர்ஸைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது முடிவில் அளவு ஏறியிருந்தது.

"அடைப்பு எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

"தசை அடிபட்டிருக்குன்னுதான் ரத்தம் சொல்லும்மா. குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு ஆஞ்சியோலதான் தெரியும். தர்மபுரிக்கு ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்."

வண்டியில் இவர் கேட்டார், "பாப்பாவுக்குச் சொல்லட்டா?" மகள் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "போன் மட்டும் போடுங்க, குரலைக் கேட்டுக்கறேன்" என்றேன்.

"என்னம்மா, சாப்டியா?" என்றாள்.

"சாப்டேன் சாமி." போனை இவர் கையில் கொடுத்துவிட்டேன்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. பக்கத்துத் திரையில் என் இதயத்தின் ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. பெரிய கிளை ஒன்று ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. அங்கிருந்த டாக்டர் சொல்வதற்கு முன்பே அதை நான் பார்த்துவிட்டேன்.

"இங்கதாம்மா. ஸ்டென்ட்னு சின்னக் கம்பி வலை வெச்சிரலாம்."

திடீரென நெஞ்சைப் பிழிந்தது. முடிந்தது, போகப்போகிறேன் என்று கத்தினேன்.

"அடைப்பு இருக்கற எடத்துல பலூனை விரிக்கிறோம். கொஞ்சம் பொறுத்துக்குங்க, இப்ப சரியாயிரும்."

சரியாகத்தான் போனது. கண்ணைத் திறந்தபோது திரையில் அந்த இளைத்த இடத்தில் ரத்தம் நிறைந்து ஓடியது. வார்டில் இவர் என் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தும் பயம் விடவில்லை. சித்தேரி மலையில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். மலைப்பாதை நெடுக முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். இவர் வெளியே பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். போய்ச் சேர்ந்து, பந்தியில் உட்கார்ந்து, பயந்துகொண்டேதான் சாப்பிட்டேன்.